டிரைவர் பை தூக்கிய மூன்று மாதம்

எங்கள் டிப்போவில் அவருக்கு லோடு என்று பெயர். நான் மட்டும் அண்ணே என்பேன். பதினான்கு வருடம் ஒரே பேருந்தில் அவர் ஓட்டினார், நான் டிக்கெட் கொடுத்தேன். அந்த உரிமையில் அவரை முகத்துக்கு நேரே கிண்டல் செய்தவனும் நான்தான், மற்றவன் எவனாவது கிண்டல் செய்தால் சட்டையைப் பிடித்தவனும் நான்தான்.

இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அன்றைக்கு எடுத்த அடையாள அட்டைப் படத்தை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும்படி இருப்பார். அப்போது பட்டப்பெயர் நூல். இருபத்தாறு வருடத்தில் ஒரு விபத்து இல்லை, வண்டியில் ஒரு கீறல் இல்லை. மடியில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் வேகத்தடையில் ஏற்றி இறக்கத் தெரிந்த கை அது. அந்தக் கையைப் பார்த்துத்தான், போட்டால் இவரோடுதான் என்னைப் போட வேண்டும் என்று மேலாளரிடம் அடம்பிடித்து வாங்கினேன்.

"நூலு எப்படிண்ணே லோடு ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் ஓசிச் சோறுடா தம்பி."

பொய் இல்லை. எங்களுடையது நெடுந்தூர வண்டி. காலையில் கிளம்பினால் துறைமுக ஊர் போய்ச் சேர ஒன்பது மணி நேரம் ஆகும். அங்கே தங்கி மறுநாள் திரும்புவோம். மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கடையில் நிறுத்துவது என்பது டிரைவர் முடிவு. ஐம்பது பயணிகளைக் கொண்டுவந்து இறக்குகிறவரிடம் எந்தக் கடைக்காரர் காசு கேட்பார்? கண்டக்டருக்கும் ஓசிதான். ஆனால் தட்டு வேறு. டிரைவர் தட்டில் சோறு மலையாகக் குவிந்திருக்கும். மேலே வறுத்த இறைச்சி, இரண்டு பொரித்த முட்டை, ஓரத்தில் இனிப்பு, குடிக்கப் பெரிய பாட்டில் குளிர்பானம். கண்டக்டருக்குப் பயணிகள் சாப்பிடுகிற அதே தட்டு. தட்டின் உயரத்தைப் பார்த்தே யார் டிரைவர் என்று சொல்லிவிடலாம். குறைத்துப் போடச் சொன்ன டிரைவரை நான் பார்த்ததில்லை. சோறு குறைந்தால் மரியாதையும் குறைந்த மாதிரி. வீட்டுக்கு வேறு ஒரு பார்சல் கட்டித் தருவார்கள். அது அண்ணிக்குப் பெருமை, அவர்கள் மகளுக்குக் கொண்டாட்டம்.

சாப்பிட்டு முடித்தால் நான் வண்டிக்குள் முன்னும் பின்னுமாக அலைவேன். அவர் உட்கார்ந்து ஓட்டுவார். இப்படியே வருடங்கள் ஓடின.

தொந்தி ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்தபோது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சீட்டைப் பின்னால் தள்ளினோம். டிரைவர் சீட்டுக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகள் உண்டு. முன்னும் பின்னும் நகர்த்தி மாட்டக் கம்பெனிக்காரன் அதில் மூன்று ஓட்டைகள் போட்டு அனுப்புவான். மூன்றாவது ஓட்டையிலும் இடம் போதாமல் போனபோது எங்கள் மெக்கானிக் நாலாவதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். சில வருடம் கழித்து ஐந்தாவது. நல்ல மனுஷர், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். எல்லோரும் கேட்டார்கள். டிப்போவில் மிச்சமிருந்த ஒல்லி டிரைவர்கள் கால் எட்டாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டினார்கள். இது யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்த டாக்டரம்மா வந்தார். தலைமை அலுவலகம் புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தது. எல்லா டிரைவருக்கும் உடல் சோதனை. ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள். கடைசியாக வண்டியில் ஏறி, சீட்டைக் கம்பெனி ஓட்டையில் மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை சுற்றிக் காட்ட வேண்டும். வயிறு தட்டக்கூடாது. தட்டினால் மூன்று மாதம் டிப்போவுக்குள் வேலை, பிறகு மறுபடி சோதனை. அதிலும் தோற்றால் ஸ்டியரிங்கை மறந்துவிடலாம்.

டாக்டரம்மா ஆள் குள்ளம், குரல் கணீர். முதல் வண்டியிலேயே கையில் டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தவர், அப்படியே நிமிர்ந்து கேட்டார்.

"கம்பெனி மூணு ஓட்டைதானே போட்டிருப்பாங்க? இங்க அஞ்சு இருக்கே?"

"நான் போட்டதும்மா," என்றார் மெக்கானிக், மெடல் வாங்க வந்தவர் போல. "நிறைய வண்டிக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்."

டாக்டரம்மா சோதனையை நிறுத்திவிட்டு, நின்ற வண்டி ஒவ்வொன்றிலும் ஏறிக் குனிந்து எண்ணினார். அறுபத்தோரு வண்டியில் முப்பத்தெட்டில் கூடுதல் ஓட்டை. எண்ணி முடித்தபோது முழங்காலெல்லாம் கிரீஸ். கோபப்படுவார் என்று நினைத்தோம், படவில்லை.

"ஆஸ்பத்திரில ஒவ்வொருத்தரா நிக்க வச்சு எடை போட்டு, நாட்டுல குண்டானவங்க இத்தனை பேருன்னு கணக்கு எடுக்கறோம். நீங்க இரும்புலயே எழுதி வச்சிருக்கீங்க. போன மாசம் வேற டிப்போ பார்த்தேன், அங்கயும் இதே ஓட்டைதான். பள்ளிக்கூடத்துக்குப் போனா, பசங்க உக்கார்ற பெஞ்சு பத்தலன்னு சொல்றாங்க. எல்லாரும் பெஞ்சையும் சீட்டையும்தான் பெருசாக்கறோம்."

எங்கள் அண்ணன் முறை வந்தது. சீட்டை மூன்றாவது ஓட்டையில் மாட்டியபோதே அவருக்கு மூச்சு முட்டியது. வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாதி வளைவு வரை எப்படியோ சுற்றினார். அதற்கு மேல் கையை எட்டிப் போடக் குனிந்தார் பாருங்கள், வயிறு நடுவிலிருந்த ஹாரனில் அழுந்த, அது டிப்போ முழுக்கக் கேட்கும்படி அலறியது. அவர் பதறி நிமிர, சீட்டு இடிக்க, மறுபடி அலறல். சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

சோதனையில் மொத்தம் இருபத்துமூன்று பேர் தோற்றார்கள். சங்கச் செயலாளரும் அதில் ஒருவர், அவரும் டிரைவர்தான். அண்ணனுக்கு எடை நூற்றுப் பதினாறு. சர்க்கரையும் தலைதூக்கியிருந்தது.

அன்று அவர் என்னை ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், டயர் அடுக்கியிருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஓட்டறப்போ எனக்கு ரெண்டு தடவை கண்ணு சொக்கிடுச்சு. ஒரு நொடிதான். உனக்குக்கூடத் தெரியாது."

எனக்குத் தெரியும். அதற்காகத்தானே நாலைந்து மாதமாக, சாப்பாட்டுக்குப் பிறகு டிக்கெட் வேலையை அவசரமாக முடித்துவிட்டு அவர் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் கதை அடித்தேன்? வெளியே சொன்னால் அவர் ஸ்டியரிங் போய்விடும் என்று பயந்து, ஐம்பது பேர் உயிரை என் வாய்ப்பேச்சில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, பெரிய உடம்பு குலுங்க அழுதார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நாங்களே போய்ச் சொன்னோம். அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே கடையிலதான் சாப்பிடறீங்களா?"

"பதினாலு வருஷமா," என்றேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து கைக்கடிகாரம் மாதிரி இரண்டு பட்டைகளை எடுத்துக் கொடுத்தார். நாம் எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிச் சொல்லும் கருவி. அண்ணனுக்கு டிப்போ வாசல் கேட்டில் வேலை போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் எழுதுவது. நான் வேறு ஒரு டிரைவரோடு போய்விட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு நான் பதினோராயிரத்துச் சொச்சம் அடி நடந்திருக்கிறேன். அண்ணன் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை.

அண்ணன் அந்தப் பட்டையையே வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குள் போனார்.

"சார், கேட்டுல உக்கார வச்சா நான் இன்னும் ஊதித்தான் போவேன். என்னை எங்க வண்டியிலயே கண்டக்டரா போடுங்க. இவன் ஓட்டட்டும்."

மேலாளர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் சேருகிற எல்லோரும் டிரைவர், கண்டக்டர் இரண்டுக்கும் உரிமம் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆள் குறைந்த நாட்களில் நான்கூட ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் அப்புறம் டிக்கெட் பையைத் தொடமாட்டான். சட்டத்தில் இப்படி எங்கேயும் இல்லை, எங்கள் புத்தியில் இருக்கிறது. டிரைவர் ராஜா, கண்டக்டர் அவருக்குப் பின்னால் வருகிறவன். இருபத்தாறு வருட டிரைவர் தோளில் பையை மாட்டுவதும் நடுத்தெருவில் சட்டையைக் கழற்றுவதும் எங்கள் டிப்போவில் ஒன்றுதான்.

செயலாளர் கொதித்துப் போய் வந்தார். "இன்னிக்கு நீ தூக்கினா நாளைக்கு எங்க எல்லாரையும் தூக்கச் சொல்லுவாங்கய்யா. இருபத்தாறு வருஷம் சேர்த்து வச்ச மானத்த ஒரு பையில போட்டுக் கொண்டு போறியே!"

"மானம் இருக்கட்டும்யா," என்றார் அண்ணன். "எனக்கு வண்டி வேணும்."

டாக்டரம்மா சிபாரிசு செய்ய, மேலாளர் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம்.

முதல் நாள் வந்தது. நான் ஓட்டுகிறேன், கண்ணாடியில் பார்க்கிறேன். நிற்கிற கூட்டத்துக்கு நடுவே அண்ணன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நுழைகிறார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இரண்டு சீட்டுக்கு நடுவில் சிக்கி, ஒரு பயணி எழுந்து நின்று வழிவிட்டால்தான் நகர முடிந்தது. "கண்டக்டர் ஒருத்தரே பாதி வண்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வண்டியே சிரித்தது. நான் பிரேக்கை மிதித்து, எழுந்து போய்க் கேட்டிருப்பேன். அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, "மீதிப் பாதிக்கு நீங்க டிக்கெட் எடுங்க," என்றார். இப்போது சிரிப்பு அவர் பக்கம் வந்துவிட்டது.

மதியம் கடையில் இன்னொரு கூத்து. கடை முதலாளி பழக்கத்தில் பெரிய தட்டை அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஓட்டறவருக்கு வைங்க. பை தூக்கறவனுக்குக் கண்டக்டர் தட்டுதான்."

முதலாளி பயந்துவிட்டார். ஏதோ கோபம், அடுத்த கடைக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுவோம் என்று நினைத்து, இன்னொரு பெரிய தட்டை இன்னும் உயரமாகக் குவித்து எடுத்துவந்தார். அதற்கும் அசையாததால், கிளம்பும்போது இரட்டைப் பார்சலைக் கொடுத்தார். அண்ணன் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு அந்த மனுஷர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அன்றோடு பார்சலும் நின்றது.

வீட்டில் அண்ணிக்கு அது லேசாக இல்லை. பார்சல் இல்லாமல் வந்த முதல் நாள் மகள் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாளாம். அண்ணி என்னிடமே சொன்னார்கள். "அவர் கையில பொட்டலம் இல்லாம வந்தா எனக்கு ஏதோ தோத்துட்டு வந்த மாதிரி இருக்கு தம்பி. ஆனா அந்தப் பொண்ணு ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குதே, அத நான் பார்க்காத மாதிரி இருந்தேன்ல." மறுவாரத்திலிருந்து, வண்டி திரும்புகிற நாட்களில் தாயும் மகளும் மாலையில் டிப்போ வரை நடந்து வருவார்கள். வண்டி வந்ததும் மூன்று பேரும் நடந்தே வீட்டுக்குப் போவார்கள். அரை மணி நேர நடை. மகள் பள்ளிக்கூடக் கதைகளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாளாம், அவர் அவ்வளவு நாளும் கேட்டிராத கதைகள்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று எழுதினால் அது அண்ணனுக்குச் செய்கிற துரோகம். ஆறாவது வாரம் முழங்கால் வீங்கியது. எடை நாலு கிலோ இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வாரம் எடை மெஷின் ஊசி நகரவில்லை. துறைமுக ஊர்ப் பேருந்து நிலையத்தில் பையைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"போதும்டா. கேட்டுலயே உக்கார்ந்துக்கறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உக்காருங்க. நல்லா உக்காருங்க. நாளைக்கு இந்த வண்டிய எவன் எவனோ ஓட்டுவான். வேகத்தடைல ஏத்தி எறக்கி எல்லாக் குழந்தையையும் எழுப்பி விடுவான். நீங்க கேட்டுல உக்கார்ந்து மணி எழுதுங்க!" என்று கத்தினேன். நிலையத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.  அவர் என் மடியிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், குளிர்பானத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார். அதை மட்டும் அவர் அதுவரை எனக்குத் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார், திருடர்.

ஒன்பதாவது வாரம் அவர் சீட்டுக்கு நடுவே நேராகவே நடந்து போனார். கண்ணாடியில் பார்த்த எனக்குக் கை தட்டத் தோன்றியது, ஸ்டியரிங்கை விட முடியாமல் ஹாரனை அடித்துவிட்டேன். இன்னொன்றும் நடந்தது. இருபத்தாறு வருடம் அவர் பயணிகளைக் கண்ணாடியில் தலைகளாகத்தான் பார்த்திருக்கிறார். இப்போது ஆட்களாகப் பார்த்தார். மருத்துவமனைக்குப் போகிற நர்சம்மா, மாதம் ஒருமுறை மகனைப் பார்க்கப் போகிற தாத்தா, எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள். "இன்னிக்கு எத்தனை கிலோ கண்டக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். பதினான்கு வருடம் கண்டக்டராக இருந்த என்னை ஒருவர்கூட அப்படி விசாரித்ததில்லை. போதாக்குறைக்கு, மூன்று மாதம் டிரைவர் தட்டில் சாப்பிட்டு உட்கார்ந்தே ஓட்டியதில் என் பேன்ட் பொத்தான் தெறித்துவிட்டது. என் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறு சோதனை நாள் வந்தது. இருபத்துமூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் மூன்று மாதம் ஸ்டோரிலும் கேட்டிலும் நாற்காலி தேய்த்தவர்கள். பட்டினி கிடந்து இளைத்த நாலு பேர் மட்டும் தப்பித்தார்கள். செயலாளரைப் பார்த்து டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக அண்ணன்.

எடை நூற்று ஐந்து. சர்க்கரை அடங்கியிருந்தது. மதியத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. சீட்டை மூன்றாவது ஓட்டையில் மாட்டினார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். டிப்போவே வண்டியைச் சுற்றி நின்றது. அண்ணியும் மகளும் கேட் பக்கம் நின்றார்கள்.  அவர் இடது பக்கம் கடைசி வரை சுற்றினார். வலது பக்கம் கடைசி வரை சுற்றினார். டாக்டரம்மா படியில் ஏறி, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் தன் கையை நுழைத்துப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வந்தது.

"பாஸ்," என்றார். "ஆனா இது பாதி தூரம்தான். ஓட்ட ஆரம்பிச்சதும் விட்டுடாதீங்க."

"விடமாட்டேம்மா. மாசத்துல ஒரு வாரம் பை தூக்கறேன்னு எழுதியே குடுத்துட்டேன்."

நான் கூச்சமில்லாமல் அழுதேன். மகள் ஓடிவந்து டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மெக்கானிக் வெல்டிங் மெஷினை இழுத்துவந்து, எங்கள் வண்டியின் நாலாவது ஓட்டையையும் ஐந்தாவதையும் அன்றைக்கே அடைத்தார். தோற்ற பதினெட்டுப் பேருக்கு மேலாளர் கடைசியாக இன்னும் மூன்று மாதம் கொடுத்து, விருப்பப்பட்டவர்கள் கண்டக்டராகப் போகலாம் என்று பலகையில் ஒட்டினார். அதை வாங்கித் தந்தது அண்ணன். அரை மணி நேரம் மேலாளர் அறையை விட்டு நகரவில்லை.

மறு திங்கட்கிழமை காலை அண்ணன் மூன்று மாதத்துக்குப் பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பை வாங்க ஸ்டோருக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரே டிரைவர்கள். ஸ்டோர்காரர் மேசை மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"பை ஏழுதான்யா இருக்கு! பதினெட்டுப் பேரும் ஒரே நாள்ல வந்தா நான் எங்க போவேன்?"

முதல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்தவர் செயலாளர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"மூணே மாசம்தான் இருக்கு. நம்ம டிப்போல நின்னுக்கிட்டு வர்ற கூட்டம் எந்த வண்டியில ரொம்ப அதிகம்?"